பார்த்தவர் சொல்லும் சொல்: ஆட்டிச மதிப்பீடும் வட சிலாங்கூர்த் தமிழ்ப் பிள்ளைகளும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை பயிரிட்ட இடம் அது. செம்பனையின் வரலாறு தென்னையின் பெயர் தாங்கிய ஒரு தோட்டத்தில் தொடங்கியது என்பதைத் தமிழாசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லி மகிழ்வதுண்டு. நான் இன்று அத்தோட்டத்தையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் நினைவுகூர்வது வேறொரு காரணம் பற்றி. அக்காலத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது.

விடியுமுன் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவச் செல்லும் தாய், கைக்குழந்தையைக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். வயதில் மூத்த ஆயா ஒருவர் பத்து இருபது பிள்ளைகளைத் தொட்டிலிலும் தரையிலுமாக வைத்துப் பார்த்துக்கொள்வார். அவர் மருத்துவம் படித்தவரல்லர். ஆயினும் ஒத்த வயதுப் பிள்ளைகளை நாள்தோறும் ஒன்றாகக் கண்டவர். “இவன் மற்றப் பிள்ளைங்க மாதிரி இல்லம்மா, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறதில்ல, ஆனா பால் டின் சத்தம் கேட்டா ஓடி வாரான்” என்று தாயிடம் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. அக்கூற்றுக்கு அன்று பெயர் இல்லை. இன்று மருத்துவ நிபுணர்கள் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என ஆராயும்போது முதலில் தேடுவது, இவ்வாறு கண்டு சொல்லப்பட்ட கூற்றுகளையே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் எனப் பல இடங்களின் மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தன. ஆயாக் கொட்டகையும் மறைந்தது. வீட்டில் ஒரே பிள்ளை. உடன் பாட்டியும் கைப்பேசியும். அப்பிள்ளையை ஒத்த வயதினர் நடுவே முதன்முதலில் காண்பவர் பாலர்பள்ளி ஆசிரியர் அல்லது முதலாம் ஆண்டு ஆசிரியர். ஆகவேதான் இவ்வுரையை ஆசிரியர்களையும் ஆசிரியராக வரவிருக்கும் மாணவர்களையும் முன்னிறுத்தி எழுதுகிறேன்.

பெயர் பற்றி

மொழி மன்றத்தின் உரை வரிசையாதலின் பெயரிலிருந்து தொடங்குவது பொருந்தும். ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ஆட்டிசம். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஒய்கன் புளூலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு நோயின் அறிகுறியைக் குறிக்க அதை ஆண்டார். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் எழுதிய கட்டுரையும் இன்றைய பொருளுக்கு வழிவகுத்தன. அவர்களுக்கு முன்பே, 1925இல், குருன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் மாஸ்கோவில் இத்தகைய சிறுவர்களைத் துல்லியமாக வருணித்திருந்தார். நெடுங்காலம் அவரை உலகம் கவனிக்கவில்லை.

தமிழில் ‘மதியிறுக்கம்’, ‘தன்முனைப்புக் குறைபாடு’ முதலிய சொற்கள் உலவுகின்றன. சொல்லாக்கத்தில் ஆர்வமுடையவன் என்ற முறையில் கூறுகிறேன்: இவ்விரண்டையும் நான் தவிர்க்கிறேன். மதி இறுகியது என்பது அறிவு குன்றியது எனக் கேட்போர் காதில் விழுகிறது. ஆட்டிசம் உடையவர்களுள் அறிவாற்றல் குறைந்தவரும் உளர், சராசரியினரும் உளர், மிக்கவரும் உளர். தன்முனைப்பு என்பதோ நம் வழக்கில் செருக்கைக் குறிக்கும். தாயிடம் போய் “உங்கள் மகனுக்குத் தன்முனைப்பு” என்றால் அவர் என்னவென்று கொள்வார்? மலாயில் அவுத்திஸ்மெ, தமிழில் ஆட்டிசம். மருந்தகத்தில் கேட்கும் சொல்லும் வீட்டில் சொல்லும் சொல்லும் ஒன்றாக இருப்பது குடும்பத்திற்கு நல்லது.

இன்றைய மருத்துவ வரையறை, அதாவது 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஐந்தாம் கையேடு, இரு கூறுகளை வேண்டுகிறது. ஒன்று, பிறரோடு உறவாடுவதிலும் கருத்துப் பரிமாறுவதிலும் நிலையான வேறுபாடு. மற்றது, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாற்றத்தைத் தாங்காத ஒழுங்குப் பற்று, ஒன்றிலேயே ஆழும் ஈடுபாடு, ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்னும் நான்கனுள் குறைந்தது இரண்டு. இவை இளம் பருவத்திலேயே இருந்திருக்க வேண்டும். அன்றாட வாழ்வைப் பாதித்திருக்கவும் வேண்டும். அஸ்பெர்கர் பெயரால் வழங்கிய தனிப்பிரிவும் அக்கையேட்டோடு நீங்கி, யாவும் ஒரே நிறமாலையாகக் கொள்ளப்பட்டன.

உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குத் தரும் மதிப்பீடு 127 பேருக்கு ஒருவர். நம் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் மாணவர் தொகையை எண்ணிப் பார்த்தால், அவ்வொருவர் நம் பள்ளியில் இருக்கக்கூடும் என்பது விளங்கும்.

இரத்தப் பரிசோதனை இல்லை

பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது, “எந்த டெஸ்ட் எடுத்தால் தெரியும்?” என்பதே. ஆட்டிசத்தை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ கிடையாது. வேறு காரணங்களை விலக்குவதற்காக மரபணுச் சோதனையோ பிறவோ செய்யப்படலாம். ஆனால் முடிவு இரண்டன்மீதே நிற்கிறது. ஒன்று, குழந்தையை அறிந்தவர் சொல்லும் வரலாறு. மற்றது, பயிற்சி பெற்றவர் குழந்தையை நேரில் கண்டு குறிக்கும் நடத்தை.

கானரின் கட்டுரையில் முதலாவதாக வரும் சிறுவன் டொனால்டின் தந்தை, மகனைக் காட்டுமுன் மருத்துவருக்கு 33 பக்கக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து அனுப்பினார். மகன் எதை விரும்பினான், எதைக் கண்டு அலறினான், எச்சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னான் என்பனவெல்லாம் அதில் இருந்தன. கானர் அக்கடிதத்தைத் தம் கட்டுரையில் பெரிதும் பயன்படுத்திக்கொண்டார். ஆட்டிசம் என்னும் மருத்துவக் கருத்தின் தொடக்க ஆவணங்களுள் ஒன்று, ஒரு தந்தை தம் மொழியில் எழுதிய கடிதம் என்பதை ஆசிரியர்கள் மனங்கொள்ள வேண்டும். அத்தந்தை சட்டம் படித்தவர். செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கும் தாயிடமிருந்து 33 பக்கக் கடிதத்தை எதிர்பார்க்க இயலாது. ஆனால் அவரிடம் உள்ள செய்தி அதனினும் குறைந்ததன்று. அதைக் கேட்டு எழுதிக்கொள்வார் வேண்டும்.

குழந்தையின் வழி

நம் நாட்டில் இவ்வழி பெரும்பாலும் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் தொடங்குகிறது. பிறந்ததிலிருந்து ஆறு வயது வரைக்குமான சுகாதாரப் பதிவேடு ஒவ்வொரு தாயிடமும் இருக்கிறது. தடுப்பூசி அட்டவணைக்காக மட்டுமே பலர் அதைத் திறக்கின்றனர். 18 மாதத்திலும் மூன்று வயதிலும் எம்-சாட் எனப்படும் வினாத்தாளைப் பெற்றோர் நிரப்ப வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் நடைமுறை. அமெரிக்காவில் 2001இல் வெளியிடப்பட்ட முதல் வடிவில் 23 வினாக்கள் இருந்தன. பின்னர்த் திருத்திய வடிவில் 20. எல்லாவற்றுக்கும் விடை ஆம் அல்லது இல்லை.

வினாக்கள் எளியவை போலத் தோன்றும். அவற்றின் உட்பொருளை அறியாமல் நிரப்பினால் பயனில்லை. சுட்டிக் காட்டுதல் பற்றிய வினாவை எடுத்துக்கொள்வோம். குழந்தை தண்ணீர் வேண்டும் என்று குழாயைச் சுட்டுவது வேறு; புக்கிட் மெலாவத்தியில் மரத்திலிருக்கும் லொத்தோங் குரங்கைக் கண்டவுடன் விரலை நீட்டி, உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்து, ‘நீயும் பார்த்தாயா’ என்று கண்ணால் கேட்பது வேறு. முன்னது தேவை, பின்னது பகிர்வு. ஆட்டிசம் உடைய குழந்தை பலவேளை முன்னதைக்கூட விரலால் செய்யாது. தாயின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, அக்கையையே கருவி போலக் குழாயின்மீது வைக்கும். “சுட்டுமா?” என்று கேட்டால், “கேட்பதைக் காட்டுவானே” என்று நினைத்துத் தாய் ‘ஆம்’ என்று குறித்துவிடுவார். வரிசையில் இன்னும் பலர் காத்திருக்க, இடுப்பில் குழந்தை அழ, மலாய் வாசகத்தை விரைந்து படித்துக் குறிக்கும் தாயின்மேல் நாம் குற்றம் காண இயலாது. வினாவின் பொருளைத் தமிழில் ஒருமுறை விளக்க அருகில் ஓர் ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எம்-சாட் ஒரு சல்லடை, அதுவே முடிவன்று. அதில் ஐயம் எழுந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஆட்டிசம் இருப்பதில்லை. அதில் தப்பிய பிள்ளைக்கு இல்லை என்றும் பொருளில்லை. ஐயம் இருப்பின் பெற்றோர் அடுத்த அட்டவணை நாளுக்குக் காத்திராமல் கிளினிக்கில் மருத்துவ அதிகாரியைக் காணலாம். அவர் முதலில் செவித்திறன் சோதனைக்கு அனுப்புவார். “எங்கப் பையன் காது நல்லாத்தான் கேட்கும்” என்று இதைத் தட்டிக் கழிப்போர் உளர். தட்டக்கூடாது. பெயருக்குத் திரும்பாமைக்கும் பேச்சுத் தாமதத்திற்கும் செவிக்குறை ஒரு காரணமாகலாம். அதைக் கண்டுபிடிக்காமல் ஆட்டிசத்தைத் தேடுவது வீண்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரங்களிலிருந்து செல்லும் கடிதங்கள் தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் மாவட்ட மருத்துவமனைகளைத் தாண்டி, நிபுணர்கள் உள்ள கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா, சுங்கை பூலோ, செலாயாங் ஆகிய மருத்துவமனைகளுக்கோ கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்கோ போய்ச் சேரலாம். அரசாங்க வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்டும் நிபுணர் மருந்தகக் கட்டணம் 5 ரிங்கிட்டுமே. ஆனால் கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளான் சுமார் 45 கிலோமீட்டர். நாள்கூலி பெறும் தந்தைக்கு ஒரு சந்திப்பு என்பது ஒருநாள் ஊதியம். மதிப்பீடு ஒரே சந்திப்பில் முடிவதும் அரிது. தவறவிட்ட ஒரு சந்திப்பு பல மாதத் தாமதமாக மாறுவதை நான் கண்டிருக்கிறேன். அக்குடும்பத்தைப் ‘பொறுப்பற்றவர்கள்’ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டதையும் கேட்டிருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு வாகனத்தை ஏற்பாடு செய்து கொடுத்தால் அப்பேச்சுக்கே இடமிராது.

தனியாரிடம் காத்திருப்பு குறைவு. செலவு தோட்டக் குடும்பத்தின் மாத வருமானத்தையே விழுங்கிவிடும். அவ்வழியை நாடுவோர் முன்கூட்டியே இரண்டைக் கேட்டறிய வேண்டும். மதிப்பிடுபவர் குழந்தை வளர்ச்சி மருத்துவரா, குழந்தை மனநல மருத்துவரா, மருத்துவ உளவியலாளரா என்பது ஒன்று. மருத்துவ உளவியலாளர் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் தரும் அறிக்கையைப் பள்ளியும் சமூக நலத்துறையும் ஏற்குமா என்பது மற்றொன்று. அரைமணி நேரத்தில் ‘இருக்கிறது’ என்று சொல்லி அன்றே சிகிச்சைத் தொகுப்பு விற்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நலம்.

அறைக்குள் நடப்பது என்ன? பெற்றோரிடம் நீண்ட நேர்காணல்: கருவுற்ற காலம், முதற்சொல், பேசிய சொற்களை இழந்ததுண்டா, உணவு, உறக்கம், விளையாட்டு. குழந்தையோடு பொம்மை, குமிழி, படப் புத்தகம் கொண்டு விளையாட்டுப் போன்ற ஒரு கவனிப்பு. அடோஸ் எனப்படும் முறைப்படுத்திய கவனிப்பு ஏறத்தாழ 40 முதல் 60 நிமிடம் நடக்கும். பேச்சுத் திறனுக்கும் வயதிற்கும் ஏற்ப அதில் ஐந்து பிரிவுகள் உள்ளன. குமிழி ஊதுவதை நிறுத்திவிட்டுக் குழந்தை என்ன செய்கிறது என்று அவர் காத்திருப்பார். “ஏன் சும்மா இருக்கிறார்?” என்று எண்ணித் தாய் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டால், காண வேண்டியது காணாமற் போகும். இதையும் முன்னரே சொல்லி வைக்க வேண்டும்.

மொழியால் நேரும் பிழை

மதிப்பீடு பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடைபெறுகிறது. வீட்டில் தமிழே கேட்டு வளர்ந்த நான்கு வயதுப் பிள்ளையிடம் அவ்வறையில் வேற்றுமொழியில் வினவினால், மொழி தெரியாமையும் பேச்சுக் குறையும் ஒன்றாகிப் போகும். மாறாக, உண்மையிலேயே இருக்கும் வேறுபாட்டை, “தமிழ்ப் பிள்ளை, மலாய் புரியவில்லை” என்று ஒதுக்கிவிடவும் கூடும். இரண்டும் தீங்கே. ஆகவே சந்திப்பின் தொடக்கத்திலேயே வீட்டுமொழி தமிழ் என்பதைத் தெரிவித்து, மொழிபெயர்க்கக்கூடிய உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நன்று. மகனை அறிந்த சித்தி, மகனை அறியாத ஆங்கிலப் புலமையாளரினும் மேல்.

பண்பாடும் குறுக்கிடும். பெரியவரின் கண்ணை நேராக நோக்காமை நம்மிடையே மரியாதை. மருத்துவர் அதை அறிகுறியெனக் கொள்ளலாம். நாம் அறிகுறியை மரியாதையென மறைக்கலாம். வேறுபாடு எளிது: மரியாதையால் தலைகுனியும் பிள்ளை, தாத்தாவோடு விளையாடும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். இதைச் சொல்லக்கூடியவர் வீட்டார்தாம். பெண் பிள்ளைகள் நிலை இன்னும் நுட்பமானது. யாரோடும் பேசாமல், மற்றவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்து, ஓய்வு நேரமெல்லாம் நிறப் பென்சில்களை ஒரே வரிசையில் அடுக்கும் சிறுமியை ‘அடக்கமான பிள்ளை’ என்று பரிசளிப்பு விழாவில் பாராட்டியிருக்கிறோம். வீட்டிற்குப் போனதும் அவள் ஒரு மணி நேரம் அழுவது நமக்குத் தெரியாது.

“இரண்டு மொழி குழப்பும்; வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள்” என்று குடும்பங்களுக்கு வழங்கப்படும் அறிவுரையை இம்மன்றத்தின் மேடையிலிருந்து மறுக்க வேண்டியது என் கடமை. இருமொழிச் சூழல் ஆட்டிசம் உடைய குழந்தையின் மொழி வளர்ச்சிக்குத் தீங்கு செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாய் தனக்கு நன்கு வராத மொழியில் குழந்தையிடம் பேசத் தொடங்கினால் தாலாட்டு போகும், கொஞ்சல் போகும், பாட்டியோடு உள்ள பேச்சும் போகும். ஏற்கெனவே பேச்சு அரிதாகிய வீட்டில் இருக்கும் சொல்லையும் பறிப்பது அது.

நம் மொழியில் கேட்க முடியாதா என்றால், முடியும் என்பதற்குத் தமிழகம் அருகிலிருக்கும் சான்று. செகந்திராபாத்தில் இருந்த தேசிய நிறுவனம் 2009இல் ஆட்டிசத்திற்கான இந்திய மதிப்பீட்டு அளவுகோலை உருவாக்கியது. ஆறு பிரிவுகளில் 40 கூறுகள். குழந்தையைக் கண்டும் பெற்றோரைக் கேட்டும் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இந்தியக் குடும்பத்தில் பிள்ளை வளரும் சூழலை மனத்திற்கொண்டு அமைந்த கருவி அது. நம் மருத்துவமனைகள் வேறு கருவிகளை ஆளலாம்; வினாவை வீட்டு மொழியில் கேட்க வேண்டும் என்னும் நெறி எங்கும் ஒன்றே.

ஆசிரியரின் குறிப்பு

ஆசிரியர் நோயறிதல் கூறக்கூடாது. “உங்கள் மகனுக்கு ஆட்டிசம்” என்று வகுப்பறை வாயிலில் சொல்வது தவறு. அச்சொல் தாய்க்கு இடியாகவும் மருத்துவருக்குப் பயனற்றதாகவும் அமையும். ஆசிரியர் தரக்கூடியது கண்டதன் குறிப்பு.

நம் மாணவர் பதிவேடுகளைப் புரட்டினால் உரிச்சொற்களே மிகுதி: பிடிவாதம், குறும்பு, கவனக்குறைவு, அடங்காமை. இவை யாவும் நம் எரிச்சலின் பெயர்கள். ‘அடம் பிடிக்கிறான்’ என்பதிலிருந்து மருத்துவர் எதையும் அறிய முடியாது. ‘மணி அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் செல்கிறான், இவ்வாரம் ஐந்து நாளில் நான்கு நாள்’ என்பதிலிருந்து அறிய முடியும். ‘பேசமாட்டான்’ என்பதற்குப் பதில், ‘சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்பிட்டாயா என்றே திரும்பச் சொல்கிறான், விளம்பர வாசகங்களைத் தெளிவாக உச்சரிக்கிறான்’ என்று எழுதலாம். எப்போது, எங்கே, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எது அமைதிப்படுத்தியது: இவ்வளவே வேண்டுவது. பிள்ளைக்கு நன்றாக வருவதையும் எழுத வேண்டும். இரண்டு மூன்று வாரக் குறிப்பு ஒரு தாளில் அடங்கிவிடும். பெற்றோர் வீட்டில் கைப்பேசியால் எடுத்த சில நிமிடக் காணொலிகளையும் சேர்த்துக் கொண்டு செல்லலாம்: தனியே விளையாடுவது, பெயர் சொல்லி அழைக்கும்போது நடப்பது, உணவு வேளை. மருத்துவமனை அறையில் ஒடுங்கிப்போகும் பிள்ளை, காணொலியில் தானாக இருப்பான்.

பெற்றோரிடம் பேசும் முறையும் சொல்லத்தக்கது. “அவங்கப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு” என்று பாட்டி சொல்வார். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள், ஆட்டிசத்தில் மரபின் பங்கு பெரிது, அது குடும்ப வரலாற்றின் ஒரு செய்தி, எழுதிக்கொள்ளுங்கள். கோயிலுக்குச் சென்று நேர்ந்துகொள்வதாகச் சொன்னால் செல்லட்டும்; கிளினிக்குக்கும் செல்லச் சொல்லுங்கள். தாயின் வளர்ப்பே காரணம் என்று ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவமே பழித்தது. அப்பழி பொய்யென்று தள்ளப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும் நம் திண்ணைகளில் அது இன்னும் உலவுகிறது. தடுப்பூசியால் வந்தது என்ற கூற்றும் அவ்வாறே. அதற்கு மூலமாகிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அறிக்கை வந்த பின் குடும்பம் அஞ்சுவது பள்ளியைப் பற்றி. 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி ஒழுங்குவிதிகளின்படி மருத்துவரோ உளவியலாளரோ சான்றளித்த பிள்ளை, ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பிலோ வழக்கமான வகுப்பில் மற்றவரோடு சேர்ந்தோ பயிலலாம். எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை. அருகிலுள்ள தேசியப் பள்ளிக்கு மாற்ற நேர்ந்தால் பிள்ளை ஒரே நாளில் ஆசிரியரையும் மொழியையும் இழக்கிறான். மாற்றத்தைத் தாங்காத பிள்ளைக்கு இது சிறு செய்தியன்று. இவ்வச்சத்தால் அறிக்கையை அலமாரியில் பூட்டிவைத்த வீடுகளை அறிவேன். அவர்களை நான் குறை கூறேன். ஆனால் வழக்கமான வகுப்பிலேயே தக்க உதவியுடன் பயிலக்கூடிய பிள்ளைகள் பலர். அவ்வாய்ப்பைக் கேட்டுப் பெறவும் அறிக்கையே வேண்டும். சமூக நலத்துறையின் மாற்றுத்திறனாளி அட்டையில் ஆட்டிசம் ‘கற்றல் சிக்கல்’ என்னும் பிரிவில் இடம்பெறும். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அப்பதிவு விருப்பத்தின்பாற்பட்டது, கட்டாயமன்று. பேச்சுப் பயிற்சியும் செயல்வழிப் பயிற்சியும் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியவையல்ல. ஐயம் தோன்றியவுடன் கேட்கலாம்.

வளர்ந்தவரின் வழி

இனி, பிந்தி அறியப்படுவோர். அவர்களைப் பற்றி எழுதும்போது என் பிழையையும் எழுதியாக வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத் தோட்டப்பள்ளி ஒன்றில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். விளையாட்டு நேரத்தில் வேலியோரம் நின்று, செல்லும் பேருந்துகளின் எண்களை எழுதிக்கொண்டிருப்பான். இருக்கையை மாற்றினால் அழுவான். கூட்டுப்பணி நாளில் எவரோடும் உண்ணமாட்டான். அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தியவன் நான். பிரம்பும் என் கையில்தான் இருந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன் அவர் என்னைத் தேடி வந்தார். நாற்பது கடந்தவர், செம்பனை ஆலையொன்றில் நிறுவைப் பகுதியில் பணி. அவருடைய மகனுக்கு மதிப்பீடு நடந்தபோது மருத்துவர் தாயிடம் கேட்ட ஒவ்வொரு வினாவும் தம்மைப் பற்றியே கேட்கப்படுவதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளையின் வழியாகத் தம்மை அறியும் பெற்றோர் உலகெங்கும் உளர்.

வளர்ந்தவருக்கும் வழி கிளினிக்கிலேயே தொடங்குகிறது. பரிந்துரைக் கடிதம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லும். மனநலப் பிரிவு என்ற பெயர்ப்பலகையைக் கண்டு பாதி வழியில் திரும்புவோர் உண்டு. இதுவும் ஒரு மருத்துவத் துறை என்பதற்கு மேல் அதில் அஞ்ச எதுவுமில்லை. இணையத்தில் கிடைக்கும் 50 வினாத் தன்மதிப்பீட்டுத் தாளை நிரப்பிக் கொண்டு செல்லலாம். அது பேச்சைத் தொடங்க உதவும், முடிவாகாது. மனச்சோர்வும் பதற்றமும் உடனிருந்து ஆட்டிசத்தை மறைத்திருக்கக்கூடும். பல்லாண்டு காலம் பிறரைப் பார்த்துப் பழகிய பாவனையும் மறைக்கும். ஆகையால் மருத்துவர் கட்டாயம் கேட்பது குழந்தைப் பருவச் சான்று. தாய் இருந்தால் தாய். இல்லையேல் மூத்த உடன்பிறப்பு. பழைய பள்ளி அறிக்கை, நிழற்படம், தோட்டத்து அண்டை வீட்டார்.

தோட்ட மக்களுக்கு இது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தாய் இறந்துவிட்டார். லயன் வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. ஆயாவின் பெயர்கூட எவருக்கும் நினைவில்லை. எஞ்சியிருந்தது பிளாஸ்டிக் உறையில் தாய் பத்திரப்படுத்திய தேர்ச்சி அட்டை ஒன்று. அதை என் முன் வைத்தார். என் கையெழுத்து. ‘பிடிவாதம் மிகுதி. ஒத்துழைப்பு இல்லை. திருந்த வேண்டும்’ என்று மூன்று பருவத்துக்கும் எழுதியிருந்தேன். இரண்டாம் பருவத்தில் மட்டும், ஏன் எழுதினேன் என்று நினைவில்லை, கூடுதலாக ஒரு வரி: ‘ஓய்வு நேரத்தில் தனியே நின்று பேருந்து எண்களை எழுதுகிறான், அழைத்தால் வருவதில்லை.’

நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். நினைவிலிருந்தவற்றையெல்லாம், கண்டபடியே, நான் செய்தவற்றையும் சேர்த்து, இரண்டு பக்கம். அண்ணன் ஒருவர் பாகானிலிருந்து வந்து உடன் சென்றார். மூன்று சந்திப்புகளுக்குப் பின் முடிவு கிடைத்தது. கடிதத்தைப் படித்த மருத்துவர் அட்டையைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு வரியைத் தம் குறிப்பில் எழுதிக்கொண்டாராம். இப்போது அவர் ஆலையில் காதுக்கவசம் அணிந்து பணி செய்கிறார். முறைமாற்று அட்டவணையை ஒரு வாரம் முன்னதாகத் தமக்குத் தெரிவிக்குமாறு கேட்டுப் பெற்றிருக்கிறார். மாற்றுத்திறனாளி அட்டைக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை, மகனுக்கு எடுத்திருக்கிறார். மகன் வழக்கமான வகுப்பில், முன்வரிசையில், சன்னலோரம் அமர்ந்திருக்கிறான். அவ்விடத்தை ஆண்டு முழுவதும் மாற்றுவதில்லை என்று அவன் ஆசிரியை எழுதிக் கொடுத்திருக்கிறார்.